சைக்கிளுக்கு மூன்று பைகள்

பாலவனத்தம்,
வியாழக்கிழமை.

அன்பு மகன் உதயகுமாருக்கு,

அம்மா எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது. முழங்கைச் சிராய்ப்பு காய்ந்து பொருக்கும் உதிர்ந்துவிட்டது. அங்கே குளிர் என்று எழுதியிருந்தாய். காதை மூடிக்கொண்டு படு.

நான் ரோட்டில் விழுந்ததைச் சித்தப்பா உனக்கு எழுதிவிட்டார். அதைப் படித்துவிட்டு, பட்டாளத்துப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, அப்பா பார்த்த வேலையை நீ பார்க்கப்போவதாகச் சொல்கிறாய். வராதே, ராசா. அது போன மாதத்துக் கதை. மிச்சத்தையும் கேள்.

அப்பாவின் பதினாறாம் நாள் முடிந்து நீ ரயிலேறிய மறுவாரமே, வீடு வீடாகச் சாப்பாட்டுக் கேரியர் வாங்கி அருப்புக்கோட்டைக் கடைகளுக்குக் கொண்டுபோகிற அவர் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவர் சைக்கிளில் எனக்குக் கால் எட்டவில்லை. ஏறி உட்கார மனசும் வரவில்லை. பேச்சியக்கா மகள் படிப்பு முடிந்து சும்மா நிறுத்தியிருந்த சைக்கிளை வாங்கினேன். அப்பா பத்துக் கேரியரையும் ஹேண்டில் பாரில் தொங்கவிட்டே போய்விடுவார். எனக்கு அது முரட்டு மாடு மாதிரி இழுத்தது.

டவுனில் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் மாட்டுகிற பை விற்கிறார்கள். பளபளவென்று இருந்தது. கேரியரை வைத்தால் தொய்ந்து சாய்ந்தது, மிதித்தால் குதிங்கால் இடித்தது. லாரித் தார்ப்பாய் தைக்கிற ரத்தினம் அண்ணனிடம் போனேன். அவர் என்னை மிதிக்கச் சொல்லிப் பார்த்து, குதிங்காலுக்குத் தள்ளித் தொங்குகிற மாதிரி தைத்தார். கம்பிக்குள் மாட்டாதபடி சக்கரத்துப் பக்கம் பலகையும் வைத்தார்.

இடது பையில் சைவம், வலது பையில் கவுச்சி. இரண்டும் ஒட்டக் கூடாதில்லையா? இரண்டு நாள் சிரமமில்லை. புதன்கிழமை பத்து வீட்டில் எட்டு வீடு மீன் குழம்பு! வலது பக்கம் எட்டு, இடது பக்கம் இரண்டு. திருப்பத்தில் சைக்கிள் என்னைக் கேட்காமலே படுத்துக்கொண்டது.

இரும்புக்கடை வெள்ளத்துரை அண்ணாச்சி கேரியரைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏத்தா, மீனை ரோட்டுல நீந்த விட்டுட்டு வந்தியாக்கும்?" என்றார். தெருவே சிரித்தது. அடுத்த புதனும் இப்படி என்றால் எல்லாரும் ஓட்டலில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அப்பா சட்டையில் முகத்தை வைத்து அழுதேன். உன்னிடம் மறைக்கவில்லை.

மறுநாள் கேரியர் கழுவும்போதுதான் யோசனை வந்தது. சைவத்தை முன்னால் கொண்டுவந்தால் என்ன? ரத்தினம் அண்ணன் ஹேண்டிலுக்கு ஒரு சின்னப் பை தைத்தார். மீன் கேரியர் எட்டும், பக்கத்துக்கு நாலாக, பின்னால் போனது. ஜவுளிக்கடை கனகலட்சுமி அம்மாளிடம், "உங்க சாப்பாடு இனி சாமி சப்பரம் மாதிரி முன்னால வருதும்மா" என்றேன். "அப்ப பின்னால வாரது கொட்டுமேளமா?" என்று கேட்டுவிட்டு அவுக சிரித்த சிரிப்பு!

அடுத்த புதன்கிழமை எதிர்காற்று. கருவேலங்காட்டுப் புழுதியெல்லாம் கண்ணில். காலைத் தரையில் ஊன்றவே இல்லை நான். ஒரு மணிக்கு முன்னால் கடை வாசலில் நின்றேன். அண்ணாச்சி பைக்குள் கையை விட்டுத் தடவி, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏ, வந்து பாருங்கய்யா! ஒரு சொட்டு சிந்தல!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். அவர்கள் வீட்டுச் சாப்பாடும் இப்போது என் சைக்கிளில்தான் வருகிறது. நேற்றோடு நாலு புதன்கிழமை ஆகிவிட்டது. மொத்தம் பன்னிரண்டு கேரியர். உங்கம்மா விழவில்லை.

அதனால் எனக்காக ஓடி வராதே. பயிற்சியை முடித்து, சட்டையில் உன் பெயரோடு நிமிர்ந்து வா. மத்தியானம் வந்து இறங்கினால் நான் வீட்டில் இருக்க மாட்டேன், டவுனில் இருப்பேன். சாவி பேச்சியக்காவிடம் இருக்கும். சோறு ஆக்கி மூடி வைத்திருப்பேன். பசித்தாலும் கொஞ்சம் பொறு, மூன்று மணிக்கு வந்துவிடுவேன். தனியாக உட்கார்ந்து சாப்பிட மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.

நூறு வயது நன்றாக இரு, ராசா.

உன் அம்மா,
பொன்னுத்தாய்