கழுத்துவரை நிரப்பிய பை

2018 மார்ச் 4, ஞாயிறு

அம்மா போய் வருஷமாகப் போகிறது. நினைவு நாளுக்கு இன்னும் ஒன்பது நாள். நாற்பது பேர் வருவார்கள். எங்கள் யூத வழக்கப்படி பழத்துக்கு ஓர் ஆசி, மீனுக்கு ஓர் ஆசி என்று எல்லாம் சொல்லி முடித்ததும் பிள்ளைகளில் ஒருவர் எழுந்து அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும். இந்தப் புகாரா ஊரில் மிச்சமிருக்கும் பிள்ளை நான்தான். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு 'உள்ளே தள்ளி நில்லுங்கள்' என்பதைத் தவிர என்ன பேசத் தெரியும்?

மார்ச் 6

எழுதிப் பார்த்தேன். 'பக்மால். பிறப்பு 1921. பிள்ளைகள் ஆறு. மறைவு தொண்ணூற்றாறு வயதில்.' என் மகள் லோலா வாங்கிப் படித்தாள். "பாஸ்போர்ட்டுக்கு மனு போட்ட மாதிரி இருக்குப்பா. இதுல பாட்டி எங்க?" என்றாள்.

சரியான கேள்வி. தொண்ணூறு வயதில் முலாம்பழக்காரனோடு அரை மணி நேரம் சண்டை போட்டு, ஜெயித்து, அந்தப் பழத்திலேயே அவனுக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தவள். அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

கிழித்துப் போட்டேன்.

மார்ச் 11, ஞாயிறு

நியூயார்க்கிலிருந்து இஸ்தம் அக்கா வந்துவிட்டாள். எழுபது வயது. இறங்கியதும் முதல் வேலையாகச் சமையலறை ஆணியில் தொங்கிய, அம்மா சோறு கட்டி வேகவைக்கும் துணிப் பையை எடுத்து முகர்ந்தாள். போகும்போது கொண்டு போவாளாம்.

"பேச்சு நானே பேசிடறேன் அம்னுன். நீ நின்னா அழுவே, இல்லாட்டி உளறுவே."

அறுபது வருஷம் அம்மாவோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவன் நான். இவளுக்குப் பேச உரிமை, எனக்கு இல்லையா? வாயைத் திறந்து சொன்னேனா? இல்லை. அந்தப் பையில் வேகும் கொத்தமல்லிப் பச்சைச் சோறாவது நானே ஆக்குகிறேன் என்றேன். பெரிய வீரன்.

மார்ச் 13, செவ்வாய்

மானம் போயிற்று. இல்லை — எப்படிச் சொல்வது? வரிசையாக எழுதுகிறேன்.

அரிசி, இறைச்சி, ஈரல், மலையளவு கொத்தமல்லி. பையில் பாதிக்கு மேல் போடாதே, அரிசி ஊதும் என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். நாற்பது பேராச்சே, பத்தாதே என்று கழுத்துவரை அடைத்துக் கட்டிக் கொதிநீரில் இறக்கினேன். நாலு மணிக்கு டப்பென்று ஒரு சத்தம். தையல் விட்டு அண்டா முழுக்கப் பச்சைக் கஞ்சி.

அக்கா எட்டிப் பார்த்தாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வேறு வழி? கிண்ணத்தில் ஊற்றி, கரண்டி போட்டு வைத்தோம். வந்தவர்கள் கிண்ணத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். எங்கள் குருவான ராப்பி, "யாரு பேசறீங்க?" என்றார். அக்கா எழுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். கால் ஏன் எழுந்தது என்று அதற்குத்தான் தெரியும்.

"இந்தக் கஞ்சியை எங்கம்மாவும் ஒரு தடவை வச்சிருக்கா" என்றேன்.

1968. அக்காவின் நிச்சயதார்த்தம். தாஷ்கந்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு பேர் வருவதாகப் பேச்சு, வந்தது முப்பது. அம்மா பையைக் கழுத்துவரை அடைத்தாள். வெடித்தது. மணப்பெண் உள்ளறையில் இருந்தாள். சமையலறையில் நான் மட்டும், பத்து வயது. அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு கிண்ணங்களைத் தூக்கிப் போய், "எங்க வீட்டு விசேஷத்துக்கு இப்படித்தான், கரண்டியால சாப்பிடணும்" என்று சம்பந்திகளிடம் சொன்னாள். திரும்பி வந்து என் வாயில் ஒரு கற்கண்டைத் திணித்தாள்.

"இது கரையற வரைக்கும் இல்லடா, நான் போற வரைக்கும் மூச்சு விடாதே."

ஐம்பது வருஷம் விடவில்லை.

அக்கா மெல்லக் கேட்டாள்: "அப்போ அது... தப்பா வந்ததா? அம்பது வருஷமா ஒவ்வொரு விசேஷத்துக்கும் நான் அதைத்தானேடா ஆக்கறேன். எங்க மாமியார் சாகற வரைக்கும் அதைத்தான் கேட்டாங்க."

முதலில் சிரித்தது ராப்பி. அப்புறம் யாரையும் பிடிக்க முடியவில்லை. அக்கா என் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கினாள். அம்மாவின் சிரிப்பு அப்படியே அவளிடம் இருப்பதை இத்தனை நாள் கவனித்ததில்லை.

அண்டா காலி.

மார்ச் 15

அக்காவை விமானம் ஏற்றினேன். "யூனோகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றாள். யூனோ அத்தானுக்கு அந்தச் சோறுதான் உயிர்.

மார்ச் 16, வெள்ளி

நாளைய ஓய்வுநாள் சமையலுக்குப் புதுப் பை தைக்கச் சொல்லலாம் என்று சமையலறைக்குப் போனேன். அக்கா கொண்டு போவதாகச் சொன்ன அம்மாவின் பை ஆணியிலேயே தொங்குகிறது. விட்ட இடம் சிவப்பு நூலில் தைத்திருக்கிறது. உள்ளே ஏதோ உருண்டது. கற்கண்டு.

சற்று முன் அத்தான் போனில் கூப்பிட்டார். நினைவு நாளுக்கு விசேஷச் சோறு ஆக்கினீர்களாமே, சரியாக வந்ததா என்று கேட்டார்.

வாய் நிறைய இனிப்பு. "ம்" என்று மட்டும் சொன்னேன்.