கதவைச் சாத்தாமல் வந்தது நான்தான்

எம்ரிஸ்,

சூப் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக் குடி. கொட்டகைச் சாவியை நான் எடுத்துக்கொண்டேன், தேடாதே. இன்று வெயில் உண்டு, காற்று இல்லை. தோட்டத்தில் நாற்றுக் குடிலுக்குப் புதுப் பாலித்தீன் கூரை போட்டுவிடுகிறேன்.

"மறுபடி காத்து தூக்கிட்டுப் போகட்டும், எனக்குப் பள்ளம் வெட்டத் தெரியலன்னு பக்கத்துத் தோட்டத்துல டெல்வின் இன்னொரு வருஷம் சிரிக்கட்டும்" என்று நேற்று கத்தினாயே. போன மார்ச்சில் குடில் பறந்தது, பாலித்தீன் ஓரத்தைப் புதைக்க நீ வெட்டிய பள்ளத்தால் இல்லை. நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் குடில் கதவைச் சாத்தாமல் வந்தது நான். காற்று உள்ளே புகுந்துவிட்டது. நீ கேலி வாங்கியபோதெல்லாம் வாய் திறக்காமல் இருந்தேன். டெல்வினிடம் இன்று நானே சொல்கிறேன்.

கிளெனிஸ்

கோபமாக இருந்தாலும் பதினோரு மணிக்கு வா. பாலித்தீனின் மறுமுனையைப் பிடிக்க வேறு யாரையும் நான் கூப்பிடவில்லை.