பானை ஓடு கழுவிய நாட்கள்

கல்லூரி மைதானத்தில் இன்று காலை கூடாரத் துணிகளை விரித்து உலர்த்தினார்கள். நனைந்த கித்தானின் புளித்த வாடை ஆசிரியர் அறை வரை வந்தது. விடைத்தாள் கட்டை மூடிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன். உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. நீ போய் ஒரு வருஷமாகிறது. மஞ்சள் காமாலை என்றார்கள்; நான் பெங்களூர் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நாம் வரலாறு படித்த காலத்தில், காவிரி நடுவே ஒரு தீவில் மாணவர்களுக்கு அகழாய்வுப் பயிற்சி என்று அறிவிப்பு வந்தது. பெயர் கொடுத்த பெண்கள் நீயும் நானும் மட்டும். என் அப்பா முடியவே முடியாது என்றார். நீ அல்சூரில் எங்கள் வீட்டுக்கே வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாய். "பத்து நாள்தான் மாமா. நான் கூடவே இருக்கேன்." உன் முகத்தைப் பார்த்துத்தான் அவர் சம்மதித்தார்.

மைசூர் பாசஞ்சர் ரயிலின் கரிப்புகையெல்லாம் மேலே படிய, பரிசலில் ஏறித் தீவில் இறங்கினோம். முதல் நாளே ஒரு மாணவன் எல்லோருக்கும் கேட்கும்படி, "இவங்க எதுக்கு வந்தாங்க, சமைக்கவா?" என்றான். நீ சிரித்துவிட்டு உன் குழியில் இறங்கினாய். எனக்குத்தான் அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் என் குழியின் ஓரத்தில் கறுப்புப் பானை ஒன்றின் வாய் தெரிந்தது. எதையும் இருந்த இடத்திலேயே விட்டு, ஆழம் அளந்து, படம் வரைந்த பிறகுதான் எடுக்க வேண்டும். நமக்குச் சொன்ன முதல் பாடமே அதுதான். கேலி செய்தவனுக்குக் காட்ட வேண்டும் என்ற வேகத்தில் நான் அசைத்து எடுத்துவிட்டேன். முழுப் பானை! எல்லோரும் ஓடி வந்தார்கள். முகாம் தலைவர் ஆழம் கேட்டார். வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

பக்கத்துக் குழியிலிருந்து நீ பார்த்திருக்கிறாய். சாப்பாட்டுக்குப் பிறகு என்னை ஆற்றோரம் அழைத்துப் போனாய்.

"நீ அளக்கவே இல்லையேடி."

"சொன்னா நம்மள அனுப்பிடுவாங்க. இனிமே எந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வரமாட்டாங்க."

"இருக்கலாம். ஆனா அந்த நம்பரை நம்பித்தானே நாளைக்கு ஒருத்தர் அந்த மண்ணுக்கு வயசு சொல்லுவாரு? நானாப் போய்ச் சொல்லமாட்டேன். நீ போறதா இருந்தா கூட வரேன்."

சாயங்காலம் வரை எனக்குத் தைரியம் வரவில்லை. நீ அவசரப்படுத்தவுமில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் தலைவரின் கூடாரத்துக்குப் போனோம். அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். அவர் ஊருக்கு அனுப்பவில்லை. ஆனால் இனிக் குழியில் இறங்கக் கூடாது, ஆற்றோரம் பானை ஓடுகளைக் கழுவு என்றார்.

மறுநாள் கூடையோடு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். நீ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே வந்து அமர்ந்தாய்.

"உன் குழி?"

"மத்தவங்க தோண்டட்டும். கூடவே இருக்கேன்னு உங்கப்பாகிட்ட சொல்லிட்டேனே."

உன் குழியில் அப்போதுதான் ஒரு செங்கல் சுவர் தலைகாட்டியிருந்தது. அதைத் தோண்டியெடுத்த பெயர் வேறு யாருக்கோ போயிற்று. நீ என்னோடு ஓடு கழுவிக்கொண்டிருந்தாய்.

கடைசி நாளில் கேலி செய்த அந்த மாணவன் வந்து நின்றான். "நானும் ஒரு கிண்ணத்தை உடைச்சுட்டேன். யாருக்கும் தெரியாம மண்ணப் போட்டு மூடிட்டேன்" என்றான். நீ அவனைக் கேலி செய்யவில்லை. "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்று இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாய். அரை மணி நேரத்தில் அவனும் நம்மோடு ஓடு கழுவிக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் என் மாணவிகளை அகழாய்வுப் பயிற்சிக்கு அதே தீவுக்கு அழைத்துப் போகிறேன். முகாம் விதிகளைத் தட்டச்சு செய்கிறவர், "தப்பு பண்ணினா வீட்டுக்கு அனுப்பிடுவோம்னு சேர்த்துக்கலாமா மேடம்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தவறைத் தானாக வந்து சொல்லும் யாரும் முகாமிலிருந்து அனுப்பப்பட மாட்டார்கள் என்று எழுதச் சொன்னேன்.

"இந்த மாதிரி விதி எங்கேயும் பார்த்ததில்லையே."

"எழுதுங்க."

எழுதிக் கொண்டுவந்து நீட்டினார். அது அன்று ஆற்றோரத்தில் நீ எழுதிய விதி. கீழே கையெழுத்து மட்டும் நான் போட்டேன்.