ஒரு நாளைக்கு ஒரு முழம்

இன்று காலை ரயிலில் பக்கத்தில் இருந்தவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க மேல புகை மணக்குது. அடுப்புக்குள்ள இருந்து நேரா எழும்பி வாறியளா?" என்றாள். துப்பட்டாவை மோந்து பார்த்தேன். தேங்காய்த் தொண்டின் நார் எரிந்த மணம். எத்தனை தடவை அலசினாலும் போகாது. உன் சேலையிலும் இதுதான் இருந்தது. வெள்ளறடை பஸ் ஸ்டாண்டில் நீ என்னைக் கட்டிப்பிடித்தபோது நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். "இது எனக்க வேலைக்க மணமாக்கும் மக்கா" என்று சிரித்தாய். நான் மனதுக்குள், பாவம் இவள், என்று நினைத்தேன். இன்று அவள் கேட்டதும் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல். கொஞ்சம் சுற்றி வருவேன், பொறுத்துக்கொள். நேராகச் சொல்ல எனக்குப் பயம்.

எனக்கு எதற்குத்தான் பயமில்லை? பதினாலு வருஷம் பாறசாலையிலிருந்து ஒரே வண்டியில் நகரத்துக்கு வேலைக்குப் போனோம். வண்டியைத் தவறவிடுவோமோ என்று நான் அரைமணிக்கூர் முந்தியே வந்து நிற்பேன். கார்டு கொடி அசைத்த பிறகுதான் நீ ஓடி வருவாய். "நான் ஏறாம வண்டி போவாது" என்பாய், மூச்சு வாங்கிக்கொண்டே. நீ முந்தி வந்த அபூர்வமான நாட்களில் எனக்கு இடம் பிடித்து ஜன்னலோரம் உன் நீலக் கைக்குட்டை கிடக்கும். நீ ஒரு மருத்துவமனையில் பில் போடும் பிரிவு, நான் ஒரு கம்பெனியில் சம்பளப் பிரிவு. ஒருத்தி பேசுவாள், மற்றவள் கவலைப்படுவாள். அப்படித்தான் ஓடிற்று.

பிறகு உன் பிரிவை மூடினார்கள். நீ ஆறு மாதம் வேலை தேடினாய், கிடைக்கவில்லை. உன் வீட்டுச் சரிவில் ரப்பர் மரங்களுக்கிடையே தேனீப்பெட்டிகள் வைத்தாய். அவற்றைக் காட்டத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டாய். நான் அயினி மரத்தைத் தாண்டி ஓர் அடி வரவில்லை. நீ தொண்டுப் புகை காட்டி, வெறுங்கையால் மூடியைத் திறந்தாய்.

"கிட்ட வா. ஒண்ணும் செய்யாது, பேடிக்காண்டாம்."

"நான் இஞ்ச நின்னே பாத்துக்கிடுதேன்."

"ரப்பருக்கு தேன் எங்க இருக்குன்னு தெரியுமா உனக்கு? பூவில இல்ல. தளிர் எலைக்க காம்பில. நீயும் நானும் ரப்பர்க் காட்டுக்குள்ள பொறந்தவளுவ, எனக்கே இப்பத்தான் தெரியும்."

பெட்டியைச் சரிவின் மேலே கொண்டுபோக வேண்டும் என்றும், ஒரு நாளைக்கு ஒரு முழம்தான் நகர்த்தலாம் என்றும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். நான் திரும்பிப் போகும் பஸ்ஸின் நேரத்தை போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஆடியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடிப்பதற்குள் நாலு நாள் போய்விட்டது. ஐந்தாம் நாள் நீ இல்லை.

புரட்டாசிக் கடைசியில் வேலை போவது என் முறை. பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஓர் அழைப்பு. ஏழு நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். அன்று மாலை வீட்டில் வாயைத் திறக்கவில்லை. இவர் கோபப்படுவார் என்றல்ல. பரவாயில்லை என்று சொல்லிவிடுவார், சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயம். மறுநாள் காலை வழக்கம்போல் சோறு கட்டிக்கொண்டு வண்டியேறினேன். கால் தானாகக் கம்பெனி வாசலுக்குப் போயிற்று. அடையாள அட்டையை வைத்தேன், சிவப்பு விளக்கு. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். காவலுக்கு நின்றவர், "மேடம், இனி அதுல பச்சை வராது" என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகச் சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவேனோ என்று அதற்குப்பின் நகரம்வரை போகவில்லை. நெய்யாற்றின்கரையில் இறங்கி ஆற்றங்கரையில் மாலைவரை உட்கார்ந்திருப்பேன். பதினொரு நாள். மனிதர் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் நான் பறவைகளைப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு நீர்க்காகம் தினமும் அதே கல்லில் வந்து சிறகை விரித்துக் காயவைக்கும். மீன்கொத்தி பத்து தடவை பாய்ந்தால் ஏழு தடவை வெறும் வாயோடு திரும்பும், ஆனாலும் அடுத்த நிமிஷம் அதே கிளையில் இருக்கும். இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

பதினோராம் நாள் பின்னால் ஓர் ஆட்டோ நின்றது. உன் வீட்டுக்காரர். என் சாப்பாட்டுப் பையைப் பார்த்தார், கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

"தங்கச்சி, உங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தேன். அவளுக்க பெட்டியில ஒண்ணு உங்களுக்காக்கும். மத்ததெல்லாம் ஆளுக்குக் குடுத்தாச்சு."

"எனக்கா? அண்ணா, எனக்கு தேனீய கண்டாலே பேடியாக்கும்."

"நானும் அதத்தான் சொன்னேன். ஆஸ்பத்திரியில கெடந்துட்டு சொல்லுதா, 'அவ பேடிச்சவதான், ஆனா கூட இருக்கியத விட்டுட்டு ஓடமாட்டா'ன்னு."

ஓடமாட்டாளாம். இதோ, சொல்ல வேண்டியதற்கு வந்துவிட்டேன்.

உனக்கு வேலை போன மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பாறசாலை பிளாட்பாரத்தில் பச்சைப் பருத்திச் சேலையில், கையில் ஒரு பைலோடு நின்றாய். ஏதோ நேர்காணலுக்குப் போகிறாய் என்று பார்த்தவுடன் தெரிந்தது. நீ என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். உன்னிடம் என்ன பேசுவது என்று பயந்தேன். அதைவிட அசிங்கமான ஒரு பயமும் இருந்தது: கண்நோய்க்காரி பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பார்களே, அதுபோல் ஒன்று. நான் திரும்பி நடந்து கடைசி கோச்சில் ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ பெண்கள் கோச்சின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாய். கையில் அந்த நீலக் கைக்குட்டை இருந்தது.

சாயங்காலம் போன் பண்ணினாய். "இன்னைக்கு லீவா மக்கா?" காய்ச்சல் என்றேன். "சுக்கு தட்டிப் போட்டு குடி" என்றாய். நீ என்னைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டாயா, பார்க்காமல் கேட்டாயா? இன்றுவரை தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

உன் வீட்டுக்காரர் என்னை ஆற்றங்கரையில் பார்த்த மறுநாள் மாலை பெட்டி ஆட்டோவில் வந்து இறங்கியது. இவரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு எழுந்துபோய்ப் பெட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பிறகு, "பெட்டிய எங்க வைக்க?" என்று மட்டும் கேட்டார். கிணற்றடியில், நாலு கால் வைத்த தாங்கியில் வைத்தோம். எறும்பு ஏறாமலிருக்க ஒவ்வொரு காலுக்கும் தண்ணீர் ஊற்றிய தேங்காய்ச் சிரட்டை. அன்றிலிருந்து என் பயம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் குடியேறிற்று. வேறு வேலைக்கு விண்ணப்பம் போட்ட இடமெல்லாம் வயதைப் பார்த்துப் பதிலே இல்லை. எனக்கென்று மிச்சமிருந்தது நீ விட்டுப்போன ஒரு கூட்டம் ஈ. அதையும் நான் சாகடித்துவிட்டால்? ஒரு தடவை உன்னை விட்டு ஓடியாயிற்று. இன்னொரு தடவை உன்னை இழக்க எனக்குத் தெம்பில்லை.

ஒரு வாரத்தில் மாமியாருக்குக் காதில் கொட்டு விழுந்தது. "இது இஞ்ச வேண்டாம் பிள்ளே" என்றார். எனக்கும் அடுக்களை வாசலில் அதன் இரைச்சல் நடுக்கத்தையே தந்தது. அன்று மாலை ஈயெல்லாம் அடைந்த பிறகு, நானும் இவருமாகப் பெட்டியை மட்டும் தூக்கி, வீட்டுத் தோட்டமான விளையின் கடைசியில் ரப்பர் மரத்தடியில் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தோம். நூறு அடி தூரம் இருக்கும். அப்பாடா என்று படுத்தேன்.

காலை ஒன்பது மணிக்குக் கிணற்றடியில் இரைச்சல். பெட்டி இல்லாத அந்தத் தாங்கியைச் சுற்றி நூற்றுக்கணக்கில் ஈ. புதிய இடத்திலிருந்து புறப்பட்டவை பழைய இடத்துக்கே திரும்பியிருந்தன. கால்களில் மஞ்சளாய் மகரந்தம் உருட்டிக்கொண்டு, நேராக வந்து, வாசல் இருந்த வெற்றிடத்தில் முட்டி, பின்வாங்கி, மறுபடியும் வந்தன. நண்பகலில் களைத்துப்போய்த் தாங்கியின் கால்களில் கொத்துக்கொத்தாகத் தொற்றிக்கொண்டன. சில கீழே விழுந்து ஊர்ந்தன. நான் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அழுதேன். சுமையோடு வந்து இல்லாத வாசலில் முட்டுவது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அட்டையைத் துடைத்துத் துடைத்து வைத்தவள்தானே நான்.

அப்போதுதான் உன் குரல் வந்தது. நான் பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது காதில் விழுந்து எங்கேயோ தங்கிவிட்ட குரல். "ஒரு நாளைக்கு ஒரு முழம்தான் மக்கா. அதுக்கு மேல நகத்துனா அதுவளுக்கு வீடு தெரியாது."

இவர் வேலைக்குப் போயிருந்தார். மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் வெளியே தொற்றி நிற்பது ஒன்றும் பிழைக்காது. துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு, ஒரு பழைய டப்பாவில் தேங்காய்த் தொண்டைப் பற்றவைத்துப் புகை காட்டினேன். பெட்டியின் வாசலில் ஒரு பிடி புல்லைத் திணித்தேன். இரண்டு தடவை தூக்கப்போய் இரண்டு தடவையும் பின்வாங்கினேன். மூன்றாம் தடவை பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவிட்டேன். உள்ளே அந்த இரைச்சல் என் விலா எலும்பில் கேட்டது. நூறு அடியும் "விட்டுடாதே, விட்டுடாதே" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியாது. மணிக்கட்டில் ஒன்று, கழுத்தில் ஒன்று, கண்ணிமையில் ஒன்று கொட்டின. பெட்டியைத் தாங்கியில் வைத்துப் புல்லை எடுத்ததும், தொற்றியிருந்தவை வரிசைபோட்டு உள்ளே போயின. கடைசிக் கொத்து நுழைந்து கொஞ்ச நேரத்தில் மழை விழுந்தது. ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. மற்றக் கண்ணால் பார்த்துக்கொண்டு நனைந்தேன்.

மறுநாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு முழம். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை மண்ணில் வைத்து அளந்து, தாங்கியோடு நகர்த்தி, நாலு சிரட்டைக்கும் தண்ணீர் ஊற்றுவேன். மழை நாளில் நகர்த்தமாட்டேன், ஈ வெளியே வந்து புது இடத்தைப் படித்துக்கொள்ளாது. காலை நேரம் முழுக்க பக்கத்தில் உட்கார்ந்து, ஏதாவது தப்பு செய்துவிட்டேனா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இருபது வருஷம் வாழ்ந்த விளையை அப்படித்தான் முழம் முழமாகத் தெரிந்துகொண்டேன். முருங்கையில் கரிச்சான் குருவி எந்தக் கிளையில் இருந்து ஈயைப் பிடிக்கிறது, தொட்டாவாடிப் பூவில் எத்தனை மணிக்கு முதல் ஈ வருகிறது, மரச்சீனிக் கிழங்குச் செடி மூட்டில் செம்போத்து எப்போது நடக்கிறது, எல்லாம் தெரியும். பயந்தவள் கண் மூடாது அல்லவா. நீ என்னைத் தேர்ந்தெடுத்தது அதற்காகவா?

மார்கழியில் ரப்பர் இலையெல்லாம் உதிர்ந்து மரம் மொட்டையாகிற்று. ஈ எதைக் குடிக்கும் என்று எனக்கு அடுத்த பயம். தையில் தளிர் விட்டது, செம்பு நிறத்தில். அந்த வாரம்தான் பெட்டி மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு தளிரை வளைத்து, மூன்று இலை சேரும் காம்பில் விரலை வைத்து நாக்கில் தொட்டேன். இனிப்பு. நீ சொன்னதைச் சரிபார்க்க எனக்கு நாற்பத்தாறு வயதாகியிருக்கிறது.

கூட்டம் பெருகி இப்போது மூன்று பெட்டி. இன்று இரண்டு குப்பித் தேனைப் பையில் வைத்துக்கொண்டு, நகரத்துக் கடையொன்றில் காட்டப் புறப்பட்டேன். காலை நாலு மணிக்கே எழுந்து குப்பிகளைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். கடைக்காரர் வாங்கமாட்டேன் என்றால்? பாறசாலை பிளாட்பாரத்தில் ஏறும்போது அவளைப் பார்த்தேன். என் பழைய பிரிவில் இருந்தவள், என்னைவிட இளையவள், தனுவச்சபுரத்துக்காரி. போன வாரம் வேலை போனவர்களில் அவள் பெயரும் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். கையில் பைல். என்னைப் பார்க்கவில்லை.

என் கால் தானாகக் கடைசி கோச் பக்கம் திரும்பிற்று. நம்புவாயா, இத்தனைக்குப் பிறகும். நாலு அடி நடந்துவிட்டேன். பிறகு நின்றேன். "விட்டுடாதே" என்று சொல்லிக்கொண்டேன், பெட்டியைத் தூக்கிய அன்றுபோல். திரும்பி வந்து பெண்கள் கோச்சில் ஏறி, ஜன்னலோரம் என் கைக்குட்டையைப் போட்டேன். வெளியே ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு வந்தவளிடம், "இஞ்ச இடம் உண்டு, ஏறி வா" என்றேன்.

வண்டி நெய்யாற்றின்கரையை நெருங்கிற்று. ஆற்றுப்பாலத்தில் கல்லின்மேல் நீர்க்காகம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன், வண்டி வேகத்தில் தெரியவில்லை. அப்புறம்தான் அவள் அந்தப் புகை மணத்தைக் கேட்டாள்.

"இது எனக்க வேலைக்க மணமாக்கும் மக்கா" என்று உன் பதிலைத்தான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், பாவம் இவள், என்று இருந்தது. பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இறங்கும்போது கைக்குட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்தேன். உனக்கு நான் போடாமல் போன இடம் அது.