நண்டு மார்க் மறுபடியும்

18-1-88, திங்கள்

காலையில் கடும் பனி. நெரவி சாலையில் எதிரே வந்த மாடு முட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சைக்கிளில் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் போய்ச் சேர ஒன்பது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவேட்டில் இரண்டு பிறப்பு தேடிக் கொடுத்தேன், இரண்டும் பென்ஷன் கேஸ். ஆபீஸில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் 'மேடம்'. நாற்காலிக் கால் மட்டும் போன வருஷத்திலிருந்து ஆட்டம்.

மாலையில் வீட்டில் பிரான்ஸ் கடிதம்! ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முசே ஜெரார் (இனி மு.ஜெ.). அண்ணன் உறையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

77-ல் அண்ணன் பட்டறையில் தேக்குப் பலகை இழைத்துக் கப்பலில் அனுப்பினோம். அங்கே சக்கரம் பூட்டி விற்றார் மு.ஜெ. ஸ்கேட்போர்டு. பையன்கள் அதன்மேல் நின்று தெருவில் உருண்டு போவார்களாம். நம் ஊரில் அதற்கு உருட்டுப்பலகை என்று பெயர். அடியில் காய்ச்சிய இரும்பால் சுட்ட நண்டு முத்திரை. கடிதப் போக்குவரத்து முழுக்க நான்தான். 79-ல் அங்கே மோகம் தீர்ந்தது, ஆர்டர் நின்றது. அண்ணன் கதவு ஜன்னல் செய்யப் போனார்.

இப்போது: அந்தப் பையன்கள் எல்லாம் உத்தியோகத்தில். பழைய நண்டுப் பலகையைத் தேடிப் பிடித்து வாங்கிச் சுவரில் மாட்டுகிறார்களாம். அதே மாதிரி மறுபடி செய்து, நம்பர் போட்டு, செய்தவர் பெயரோடு கொண்டுவர வேண்டுமாம். 25-ந் தேதி காரைக்கால் வருகிறார்.

அண்ணி: "செவுத்துல மாட்டறதுக்கு எதுக்குங்க சக்கரம்?"

அண்ணன் மூன்று முறை படிக்கச் சொன்னார். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

20-1, புதன்

பனி. தொண்டை கட்டிவிட்டது.

அண்ணன் பரணில் ஏறிப் பழைய மாதிரிப் பலகையை இறக்கினார். கரையான் தொடவில்லை. நண்டு இரும்பு துருப்பிடித்து, ஒரு கொடுக்கு தேய்ந்து. எண்ணெய் போட்டு ஊற வைத்திருக்கிறார்.

வாங்க: உப்புத்தாள் (இரண்டு நம்பர்), வார்னிஷ், எனக்கு மிளகு, அண்ணிக்குத் தலைவலித் தைலம்.

அண்ணனுக்கு நாற்பத்து நாலு வயது. இன்று சவரம் செய்துகொண்டு சீட்டி அடித்தார். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்கும் சந்தோஷம்தான். எழுதி வைக்கிறேன்.

25-1, திங்கள்

வெயில். மதியம் மு.ஜெ. வந்தார். தலையில் முடி இல்லை, தொப்பை உண்டு. கையில் ஒரு பழைய நண்டுப் பலகை, யாரோ பொறுக்கிச் சேர்க்கிறவனிடம் வாங்கியதாம். விளிம்பெல்லாம் சிராய்ப்பு. அண்ணன் அதை வாங்கித் திருப்பி, கட்டைவிரலால் மூக்குப் பக்கம் தடவினார்.

"இது நான் செஞ்சதுதாம்மா. இங்க ஒரு முடிச்சு வந்துச்சு, அதை மறைக்கத்தான் நண்டைக் கொஞ்சம் தள்ளிச் சுட்டேன். சொல்லு அவருகிட்ட."

சொன்னேன். மு.ஜெ. குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். குழந்தை மாதிரி முகம்.

ஏற்பாடு: அண்ணன் இரண்டு பலகை செய்து காட்ட வேண்டியது. மு.ஜெ. அதுவரை லாட்ஜில். நான் நண்டு மார்க்கின் கதையைச் சின்னப் புத்தகமாக எழுத உதவ வேண்டியது. அதற்காகப் பழைய கடிதங்கள் அடங்கிய கோப்பு ஒன்றைத் தந்தார். எல்லாம் என் கையெழுத்து. இருபத்து மூன்று வயதில் என் எழுத்து எவ்வளவு குண்டு குண்டாக!

28-1, வியாழன்

ஆபீஸில் ஒரு சங்கடம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு வந்து நின்றவர் திருமலைராயன்பட்டினத்து வாத்தியார். 78-ல் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர். பிடித்திருக்கிறது என்று அன்றே சொன்னார்கள், பத்தாம் நாள் வேண்டாம் என்றார்கள். அதற்குப் பின் எங்கிருந்தும் யாரும் வரவில்லை. என்னிடம் என்ன குறை என்று கண்ணாடியில் தேடிய வருஷங்கள் அவை.

இப்போது அவருக்கு மூன்று குழந்தைகள். சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர் போகவில்லை. குரலைத் தாழ்த்தி:

"இப்ப உடம்பு தேவலைங்களா?"

"எனக்கென்ன?"

"இல்லைங்க. மருந்து கிருந்து சாப்பிட்டு நின்னுருச்சான்னு..."

தொண்டைக்கட்டைக் கேட்கிறார் போல என்று, மிளகுக் கஷாயம் குடித்தேன் என்றேன். என்னை இரக்கமாகப் பார்த்துவிட்டுப் போனார். பியூன் பின்னால் சிரித்தான். அவன் லீவு விண்ணப்பத்தைக் காகிதக் கட்டின் அடியில் வைத்துவிட்டேன்.

29-1, வெள்ளி

சாயங்காலம் கோப்பைத் தேதி வாரியாக அடுக்கினேன். நடுவில் என் கையெழுத்து இல்லாத கடிதம் ஒன்று. கடைத்தெருவில் பென்ஷன்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கும் கிழவரின் எழுத்து. கீழே தமிழில் அண்ணன் கையெழுத்து.

அப்படியே தமிழில்:

"ஐயா, தங்கைக்குக் கல்யாணம் ஆகிப் போய்விட்டால் கடிதம் யார் எழுதுவார்கள் என்று தாங்கள் கவலைப்பட வேண்டாம். கல்யாணம் நடக்காது. அவளுக்குக் காக்காய் வலிப்பு உண்டு என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவளுக்கு ஒரு நோயும் இல்லை. வேறு வழி தெரியவில்லை. பதிலில் இதைப் பற்றி எழுத வேண்டாம். கடிதத்தைப் படிப்பவள் அவளே."

நாலு முறை படித்தேன். பிரெஞ்சில் பிழை இல்லை. கிழவர் நன்றாகவே எழுதியிருக்கிறார்.

மு.ஜெ.வுக்கும் தெரிந்திருக்கிறது. அதற்கடுத்த அவர் கடிதத்தை நான்தான் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். 'தங்கள் உறுதிமொழிக்கு நன்றி.' பலகையின் தரத்தைச் சொல்கிறார் என்று நினைத்து அப்படியே சொன்னேன். அண்ணன் தலையாட்டினார். இந்தக் கடிதம் கோப்பில் இருப்பதை மறந்தே மு.ஜெ. கொடுத்திருக்கிறார். அவருக்கு அது அவ்வளவுதான்.

கல்யாணம் நின்றது ஜூன் 78. கடைசி ஆர்டர் பிப்ரவரி 79. எட்டு மாதம்.

அண்ணி சாப்பிடக் கூப்பிட்டாள். போய்ச் சாப்பிட்டேன். கத்திரிக்காய்க் குழம்பு. உப்புச் சரியாக இருந்தது.

31-1, ஞாயிறு

பட்டறைக்குப் போனேன். அண்ணன் முதல் பலகையை முடித்து இரண்டாவதில். மூக்கை உளியால் எடுத்து, இழைத்து, உப்புத்தாள் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி உப்புத்தாள். கையை வைத்தால் வழுக்குகிறது. ஊரில் இன்னொருவரால் முடியாது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எனக்குக் கோலா மீன் வாங்கி வைத்திருந்தார். "கிளிஞ்சல்மேட்டுக்கே போயி வாங்கியாந்தேன். உனக்குப் புடிக்குமேன்னு."

ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கத்தான் கேட்டேன்.

"அண்ணே, அந்தப் பட்டினத்து வாத்தியார் வீட்டுல ஏன் வேணாம்னாங்க?"

இழைப்புளி நின்றது. ஒரு மூச்சு. பிறகு ஓடியது.

"அதை எதுக்கும்மா இப்ப? சாதகம் ஒத்து வரலைன்னாங்க. விதி, வேற என்ன."

"அப்புறம் வேற யாருமே வரலியேண்ணே."

"நான் என்னம்மா பண்ண முடியும்? எத்தனை பேருகிட்ட சொல்லி வச்சேன்!"

கண் கலங்கியது அவருக்கு. நிஜமாகவே கலங்கியது. தன் பொய்யைத் தானே நம்பிப் பத்து வருஷம் ஆகியிருக்கும்.

மீனை எடுத்துக்கொண்டு வந்தேன்.

3-2, புதன்

மேகம், மழை இல்லை. அரைநாள் லீவு. பலகைகள் தயார். மு.ஜெ. மூன்று மணிக்குப் பட்டறைக்கு வந்தார்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். மறக்கக் கூடாது.

மு.ஜெ. புதுப் பலகையையும் பழைய பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குனிந்தார். சிரிக்கவில்லை. இரண்டையும் மாறி மாறித் தடவினார். அண்ணன் வேட்டியில் கையைத் துடைத்தபடி நின்றார்.

மு.ஜெ. என்னிடம் பிரெஞ்சில்: "அதே கை. கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டால் எனக்கே வித்தியாசம் தெரியாது. எல்லாவற்றையும் இவரே செய்ய வேண்டும். ஒவ்வொன்றிலும் இவர் பெயரைச் சுட வேண்டும். சம்மதமா, கேளுங்கள்."

அண்ணன்: "என்னம்மா சொல்றாரு?"

"பழைய கை இல்லைங்கறாரு அண்ணே. அப்ப இருந்த சுத்தம் இதுல இல்லையாம்."

முகம் உடனே மாறவில்லை. முதலில் சரியாகக் கேட்காதவர் போல ஒரு சிரிப்பு. பிறகு பலகையைப் பார்த்தார். பிறகு தன் கையை.

"இன்னொண்ணு செஞ்சு காட்டுறேன்னு சொல்லும்மா. ராப்பகலா ஒக்காந்து செய்யறேன். நல்ல மரமா பாத்து எடுக்கறேன்."

நான் பிரெஞ்சில்: "சம்மதமில்லை என்கிறார். ஒரு முறை செய்ததை மறுபடி செய்வது தனக்கு அவமானம் என்கிறார். இவை இரண்டும் உங்களுக்குக் காட்டத்தான்."

மு.ஜெ. முகம் விழுந்தது. அதைப் பார்த்த அண்ணனுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போயிற்று. இவ்வளவு சுலபம் என்று நினைக்கவில்லை. ஒருவர் முகம் மற்றவருக்குச் சாட்சி.

மு.ஜெ.: "கோபமா? நான் ஏதாவது தவறு செய்தேனா?"

அவரை நேராகப் பார்த்தேன். கடிதம் ஞாபகம் வருகிறதா என்று. வரவில்லை. "இல்லை" என்றேன்.

அண்ணன் கை கூப்பினார். "ஐயா, ஒம்பது வருசமா கதவுக்கு சட்டம் அடிச்சிக்கிட்டு கெடக்கேன். இதுதாங்க எனக்குத் தெரிஞ்ச வேலை. ஒரு வாய்ப்பு குடுங்க. கால்ல வேணும்னாலும் விழறேன். சொல்லும்மா. அப்படியே சொல்லு."

நான் பிரெஞ்சில்: "பாண்டிச்சேரி பஸ் நாலரைக்கு என்கிறார். கொஞ்சம் முன்னால் போனால் ஜன்னல் ஓரம் கிடைக்கும் என்கிறார்."

மு.ஜெ. கூப்பிய கைகளை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். "மெர்சி, முசே, மெர்சி." அவர் கண்ணிலும் நீர். என்னிடம்: "உங்கள் அண்ணன் பெரிய கலைஞர். இப்படி மறுக்கத் தெரிந்தவர்கள் எங்கள் நாட்டில் இல்லை." இரண்டு பலகைகளையும் எடுத்துப் போகலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். கோப்பைத் திருப்பிக் கொடுத்தேன், ஒரு கடிதம் குறைவாக.

அவர் போன பிறகு அண்ணன்:

"நல்லா இல்லைன்னா அதை எதுக்கும்மா எடுத்துட்டுப் போறாரு?"

"அடுத்த ஆள்கிட்ட காட்டுறதுக்காம். இப்படிச் செய்யக் கூடாதுன்னு."

மரத்தூளில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பதற்றம் இல்லை. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன்.

10-2, புதன்

பதிவேடு நாலு. வெயில் ஏறுகிறது.

அண்ணன் பட்டறை திறக்கவில்லை. ஒரு வீட்டுக்காரர் அலமாரிக்கு அளவெடுக்கக் கூப்பிட்டதற்கு, "வேற ஆளைப் பாருங்க, எனக்குக் கை போயிருச்சு" என்றாராம். அண்ணி அழுதுகொண்டே சொன்னாள். அவர் சாப்பிடும்போது விரல்களை மடக்கி விரித்துப் பார்க்கிறார். நானும் பார்க்கிறேன். நல்ல விரல்கள்.

வாங்க: துவரம்பருப்பு, சைக்கிளுக்கு வால்டியூப்.

21-2, ஞாயிறு

அண்ணன் உளி, இழைப்புளி எல்லாவற்றையும் சாக்கில் கட்டித் தெரிந்த ஆசாரிக்குக் கொடுத்துவிட்டார். நாளையிலிருந்து ரைஸ்மில்லில் வாட்ச்மேன்.

மத்தியானம் கொல்லையில் அண்ணி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திடீரென்று:

"அந்த வெள்ளைக்காரரு நெசமாவே அப்படித்தான் சொன்னாரா சாவித்திரி?"

"நீங்க ஏன் அண்ணி கேக்கறீங்க?"

ஈரப் புடவையை உதறினாள், மறுபடி உதறினாள். பிறகு மெல்ல:

"உனக்குத் தெரிஞ்சிருச்சா?"

ஆக, இவளுக்கும் தெரியும். பத்து வருஷம் ஒரே அடுப்பில், எனக்குத் தட்டு வைத்துக்கொண்டு.

"என்ன தெரிஞ்சிருச்சான்னு கேக்கறீங்க?" என்றேன். சொல்லட்டும் என்று நின்றேன். அவள் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சொல்லவில்லை. இனி அண்ணனிடமும் சொல்ல மாட்டாள். சொன்னால் தனக்கும் தெரியும் என்றாகிவிடும்.

மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. கனமும் இல்லை. பசித்தது.

24-3, வியாழன்

அனல். ஆபீஸில் மின்விசிறி நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தால் பிரான்ஸ் கடிதம். அண்ணன் வாட்ச்மேன் காக்கிச் சட்டையைக் கழற்றாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மு.ஜெ. எழுதியிருப்பது: இரண்டு பலகைகளையும் பழையதன் பக்கத்தில் வைத்துப் பலகை சேர்ப்பவர்களிடம் காட்டினாராம். பழையதில் இருக்கும் சிராய்ப்பைத் தவிர வேறு வித்தியாசம் ஒருவருக்கும் தெரியவில்லையாம். வேறு யாரிடமும் இந்த வேலையைக் கொடுக்க மனம் வரவில்லை. ஐயாவின் மனம் மாறும்வரை காத்திருக்கிறேன். சரி என்று ஒரே ஒரு சொல் எழுதினால் போதும், அடுத்த விமானத்தில் வருகிறேன்.

இரண்டு பக்கம். அண்ணன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா எழுதியிருக்காரு?"

"நல்லாயிருக்கீங்களான்னு கேட்டிருக்காரு."

"வேற ஒண்ணும் இல்லியா? இவ்ளோ எழுதியிருக்காரு?"

"அங்க குளிரு ஜாஸ்தியாம். அதைத்தான் எழுதியிருக்காரு."

கொஞ்ச நேரம் காக்கிச் சட்டையின் பொத்தானைத் திருகினார்.

"நல்லாயிருக்கேன்னு எழுதிடும்மா. எனக்கு அவரு மேல வருத்தம் ஒண்ணும் இல்லைன்னும் எழுது. பாவம், தேடி வந்தவரு."

அப்போதே உட்கார்ந்து எழுதினேன். 'என் அண்ணன் நலம். தங்கள்மேல் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை.' ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கீழே அண்ணன் கையெழுத்துப் போட்டார்.