பின்னால் நிற்கும் பக்கம்

கண்டி,
12.03.2007

அன்புள்ள அம்மா,

உங்கட முழங்கால் நோ இப்ப எப்பிடி? நான் நல்ல சுகம்.

இஞ்ச ஒரு விடுதிக்கு இணையத்தளம் செய்து குடுத்தன். வரைபட இணைப்பை அமத்தினால் விடுதியின்ர பக்கமே மறைஞ்சிடுது, போன ஆக்கள் திரும்பி வரீனமில்லை எண்டு முதலாளி குறைப்பட்டார். இணைப்புக்குள்ள ஒரு சின்னக் கட்டளை சேர்த்தன். இப்ப வரைபடம் புது டேப்பில, எண்டால் வேறொரு பக்கமா, திறக்கும். விடுதியின்ர பக்கம் பின்னால அப்பிடியே நிக்கும்.

போன செவ்வாய்க்கிழமை பொலிஸ்காரர் இஞ்சத்தைத் தமிழ் ஆக்களோட என்னையும் பதிவுக்குக் கூட்டிக்கொண்டு போய், பின்னேரம் விட்டிட்டினம். யாழ்ப்பாண அடையாள அட்டை எண்டபடியால்தான். தேத்தண்ணியும் தந்தவை. யோசிக்காதேங்கோ.

பொலிசில காட்ட கிராம சேவகரிட்ட வதிவிடக் கடிதம் வாங்கி அனுப்புங்கோ. ஒடியல் மாவும் கொஞ்சம்.

தபாலுக்கு நேரமாச்சு, இன்னொண்டு மட்டும். என்ர அறையை வாடகைக்கு விடப்போறியள் எண்டு தங்கச்சி எழுதினவள். சண்டையால மூடின யாழ்ப்பாணப் பாதை திறந்தவுடன வந்திடுவன். அதுவரைக்கும் அந்த அறை அப்பிடியே நிக்கட்டும், அம்மா.

உங்கட மகன்,
யோகநாதன்