ஜெசிந்தாவின் நோட்டில் நாலு பைட்

2.7.2007, திங்கள்

காலையிலிருந்தே பேய்க்காற்று. மார்க்கையன்கோட்டையிலிருந்து தேனி வந்து சேர்வதற்குள் கண்ணெல்லாம் மண். வசந்தாவோடு சண்டை. கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியும் ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறேனாம். போட்டேன்தான்.

9.10. என் புரோகிராம் ஓட ஆரம்பித்தது. மெயின்ஃபிரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டர் சென்னையில். அதற்குள் எங்கள் ஆபீசுக்கென்று தனியாக ஒரு விர்ச்சுவல் மெஷின். ஒரே கம்ப்யூட்டர்தான், ஆனால் ஆளுக்கொரு முழுக் கம்ப்யூட்டர் போலக் காட்டும். புதன் மாலை ஐந்து வரை அது எங்களுக்கு.

வேலை: கிளையண்டின் பழைய வாடிக்கையாளர் பட்டியலில் இரண்டு முறை ஏறிய பெயர்களைப் பிடிப்பது. ஓடி முடிக்க இரண்டே கால் நாள். நடுவில் நிறுத்தினால் எல்லாம் போச்சு. பிடித்தது அத்தனையும் மெமரியில்தான் நிற்கும், கடைசியில்தான் டிஸ்க்கில் எழுதும். வேகம் கிடைக்கும் என்று அப்படி எழுதியது நான். பெருமை வேறு.

மேனேஜர் நாலாவது தடவையாக: “இது முடியலைன்னா வேலையத் தூக்கி வேற ஊருக்குக் குடுத்துருவாக. முடிஞ்சா டீம் லீடர் நீதான்யா.”

பல் வலி. கிராம்பு.

3.7, செவ்வாய்

ஓடுகிறது. ஒன்றரை மணி நேரம் கரண்ட் இல்லை. யு.பி.எஸ். தாங்கியது. இல்லாவிட்டாலும் ஓடுவது சென்னையில்தானே, ஆனாலும் யு.பி.எஸ். பக்கத்திலேயே நின்றேன்.

பக்கத்து மேசை ஜெசிந்தா பன்னீர் திராட்சை கொண்டுவந்தாள். ராயப்பன்பட்டியில் சொந்தத் தோட்டம். நானும் அவளும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். எனக்கு வாய் அதிகம், அவளுக்கு வேலை அதிகம்.

ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறாள். மெஷினில் எதை மாற்றினாலும் நேரம், முன்பு இருந்தது, மாற்றியது, தட்டியவர் என்று நாலு கட்டம். பலசரக்குக் கடை வைக்கப் போகிறாயா என்று கேலி செய்தேன்.

“கைய வைக்கிறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு எழுதிரணும்ணே. மாத்தினப்பெறகு மெஷின்கிட்டப் போய்க் கேட்டா அது சொல்லாது.”

திராட்சை நல்ல இனிப்பு. பல்லுக்குத்தான் ஆகவில்லை.

4.7, புதன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

11.05. பதிவு எண்ணிக்கை நின்றுவிட்டது. மெஷின் மட்டும் மூச்சு வாங்க ஓடுகிறது. மேனேஜர் பெரியகுளம் போயிருந்தார். நல்லவேளை.

ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன்.

“பதறாதீகண்ணே. மொதல்ல நிப்பாட்டுவோம்.”

“நிப்பாட்டுனா எல்லாம் போயிருமே!”

“அணைக்கலண்ணே. இருந்த இடத்துல அப்படியே நிக்கச் சொல்லப்போறேன். மெமரியில உள்ளது அங்கனயே கெடக்கும்.”

நின்றது. மெமரியைக் காட்டச் சொல்லி DISPLAY என்று தட்டினாள். என் புரோகிராம் எண்களும் எழுத்துகளுமாகத் திரையில். நான் எழுதியதுதான், ஆனால் எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. அவள் பஸ் போர்டு படிப்பதுபோலப் படித்தாள். இரண்டு நிமிடம். மெமரியில் 20400 என்ற முகவரியைப் பேனாவால் தொட்டாள்.

“அடுத்தடுத்து அச்சு அசலா ஒரே மாதிரி ரெண்டு பதிவு வந்தா என்ன செய்யச் சொல்லியிருக்கீக?”

“மறுபடி ஒப்பிட.”

“அடுத்த பதிவுக்கு நகராமலா?”

செக்கு மாடு. நான் கட்டிய செக்கு.

அங்கே இருந்தது 4780C0A2, இரண்டு எழுத்துக்கு ஒரு பைட்டாக நாலு பைட். ‘சமமாக இருந்தால் திரும்பிப் போ.’ 80 இருக்கும் இடத்தில் 00 வைத்தால் திரும்பவே திரும்பாது, நேரே போகும். அந்த இரட்டைப் பதிவு இரண்டு தடவை ஏறும், பிறகு நீக்கிக்கொள்ளலாம் என்றாள். நின்ற வண்டியில் பாரத்தை இறக்காமலே அச்சாணி மாற்றுகிற வேலை. இப்படி முடியும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஒருத்தி செய்து பார்த்ததில்லை.

அங்கே இருந்ததை முதலில் நோட்டில் எழுதினாள். அதற்குள் சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தேன். என் புரோகிராம், நான்தான் தட்டுவேன் என்று கீபோர்டை இழுத்து, மெமரியில் எழுதச் சொல்லும் STORE 20400 4700, என்டர்.

STORE COMPLETE என்றது. DISPLAY போட்டுப் பார்த்தால் 00004700.

முகவரிக்கு முன்னால் S போட்டால்தான் கொடுத்ததை மட்டும் கொடுத்த இடத்தில் வைக்கும். போடாவிட்டால் நாலு பைட் முழுவதையும் எடுத்துக்கொண்டு, குறைகிற இடத்தில் முன்னால் பூஜ்யத்தை நிரப்பிவிடும். C0A2 போயே போச்சு. அது என்னவாக இருந்தது என்று தலையைச் சுவரில் முட்டினாலும் எனக்கு ஞாபகம் வராது.

அவள் திட்டவில்லை. “இன்னும் நின்னுக்கிட்டுதான இருக்கு” என்றாள். நோட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, ஒரு விரலால்,

STORE S20400 4700C0A2

திரும்ப DISPLAY. நோட்டோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டாள். நின்ற இடத்திலிருந்து ஓடச் சொல்லி, BEGIN.

எண்ணிக்கை நகர்ந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கம்தான். அவள் டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

4.20. முடிந்தது. பட்டியல் டிஸ்க்கில்.

5.7, வியாழன்

சாரல். பல் டாக்டர்: சனிக்கிழமை.

மேனேஜர் எல்லார் முன்னாலும் தோளில் தட்டினார். “நிக்காம ஓடிருச்சேய்யா! சென்னையில அப்படிப் பாராட்டுறாக.” நாளை டீம் லீடர் லெட்டர் போடுவாராம், என் பெயரில். நான் சிரித்தேன். சிரித்துத் தொலைத்தேன்.

ஜெசிந்தா திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

மெமரியில் மாற்றியது மெஷினோடு போயிற்று. நேற்று ஐந்து மணிக்கே சென்னையில் அதைக் கலைத்துவிட்டார்கள். டிஸ்க்கில் உள்ள புரோகிராமில் என் தப்பு அப்படியே. அதையும் சத்தமில்லாமல் திருத்தினால் யாருக்கும் தெரியாது. என் தப்பும் தெரியாது, அவள் கெட்டிக்காரத்தனமும் தெரியாது.

சாயங்காலம் கேட்டுவிட்டேன். “நீ சொல்லலையா?”

“உங்க புரோகிராம்ணே. நான் எதுக்குச் சொல்ல?” உத்தமபாளையம் பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “டீம் லீடரானா அந்தப் பிள்ளை மொகத்துல தெனமும் முழிக்கணுமே” என்றாள். துண்டைக் கொடியில் போட்டேன்.

6.7, வெள்ளி

காற்று இல்லை. 9.40.

ஜெசிந்தாவிடம் நோட்டைக் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் கொடுத்தாள். புதன்கிழமைப் பக்கம். இரண்டு வரி. இரண்டாவதில் 4700C0A2, தட்டியவர் ஜெசிந்தா. முதல் வரியில் 00004700, தவறு. தட்டியவர் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

அதில் என் பெயரை, முருகேசன் என்று எழுதினேன். ஜெராக்ஸ் எடுத்து மேனேஜர் மேசையில் வைத்தேன்.

“என்னய்யா இது?”

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.